ஆசிரியரை நிறுக்கும் கோல்

சென்ற விடுமுறைக் காலத்திலே என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். கனடா நாட்டின் மேற்குக் கரையில், வன்கூவர் நகரின் அயலிலே, ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருப்பவர். வந்தவர் பழங்களோடு ஒரு கடதாசிக் கட்டினையும் என் மேசைமீது வைத்தார். அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றம் 2001 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி வழங்கிய தீர்ப்பொன்றின் பிரதி அது.

"பண்டிதர் ஐயா, நன்னூற் பாயிரத்திலே ஆசிரியர் இலக்கணம் படிப்பித்தீர்கள். இந்த வழக்கும் அந்த இலக்கணத்தைப் பற்றியதுதான். ஆறுதலாகப் படித்துப் பாருங்கள். தீர்மானிக்கும் சபையிலே நீங்கள் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை உயர்த்தியிருப்பீர்கள் என்று எனக்கு எழுத வேண்டும்" என்றார். படலையடியில் விடைபெறும்போது வேறொன்றையுங் கூறினார். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

யான் பிராசீன பாடசாலையொன்றிலே இலக்கணமும் இலக்கியமுங் கற்பிப்பவன். சட்டநூலிற் பயிற்சியில்லை, என் ஆங்கில அறிவும் அகராதியின் துணை வேண்டி நிற்பது. ஆயினும் மாணாக்கர் இட்ட வேலையைத் தட்டிக்கழித்தல் ஆசிரியனுக்கு அழகன்று. மூன்று கிழமையாக, இரவு வேளைகளில், அத்தீர்ப்பினைச் சிறிது சிறிதாகப் படித்து முடித்தேன். அதிற் கண்டதையும், கண்டபின் என்னுள் எழுந்த கலக்கத்தையும் என்னோடொத்த ஆசிரியர்க்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்க்கும் சொல்ல விரும்புகின்றேன்.

வழக்கின் வரலாறு

கனடாவின் மேற்கெல்லையிலுள்ள மாகாணம் பிரித்தானிய கொலம்பியா. அங்கே லாங்லி என்னும் இடத்தில் திரினிற்றி வெஸ்ரேர்ண் என்னும் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1962 இல் ஒரு சிறு கல்லூரியாகத் தொடங்கி, காலப்போக்கிற் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. புரட்டஸ்தாந்து சமயத்தின் சுவிசேஷப் பிரிவினரது திருச்சபையொன்றோடு தொடர்புடையது. அரசாங்கத்துக்கு உரியதன்று, தனியார் நிறுவனம்.

இப்பல்கலைக்கழகம் ஆசிரியரைப் பயிற்றும் நெறியொன்றை ஐந்தாண்டுக் காலத்ததாக நடத்தி வந்தது. முதல் நான்காண்டும் மாணவர் அங்கேயே பயில்வர். ஐந்தாம் ஆண்டு மாத்திரம் சைமன் பிரேசர் என்னும் பொதுப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடைபெறும். 1995 இலே, அவ்வைந்தாம் ஆண்டையும் தானே நடத்துவதற்கு இப்பல்கலைக்கழகம் அனுமதி வேண்டிற்று. தொடக்கந்தொட்டு முடிவுவரை பயிற்சி தமது கிறித்தவ நோக்கோடு அமைதல் வேண்டும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

அனுமதி வழங்கும் அதிகாரம் அப்போது பிரித்தானிய கொலம்பிய ஆசிரியர் கழகத்திடம் இருந்தது. 1987 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அமைந்த கழகம் அது. 2012 இல் அதனை நீக்கி வேறோர் அமைப்பினை வைத்துவிட்டனர். யாருக்கு ஆசிரியர் தராதரப் பத்திரம் வழங்கலாம், எந்தப் பயிற்சி நெறியை ஏற்கலாம், தவறிழைத்த ஆசிரியரை எங்ஙனந் தண்டிக்கலாம் என்பனவெல்லாம் அக்கழகத்தின் கையிலே இருந்தன. பொதுநலம் பேணுதல் அதன் கடமை.

கழகம் வழமைப்படி ஒரு குழுவை அனுப்பிப் பயிற்சி நெறியை ஆராய்ந்தது. சில நிபந்தனைகளோடு அனுமதி வழங்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆயினும் 1996 இலே கழகத்தின் ஆளுஞ் சபை அனுமதியை மறுத்துவிட்டது. மறுப்புக்குக் காரணம் பாடவிதானத்திலே கண்ட குறையன்று. கையொப்பமிடும் ஒரு பத்திரம்.

அப்பல்கலைக்கழகத்திற் சேரும் மாணவர் ஒழுக்க விதிகளடங்கிய பத்திரமொன்றை ஏற்றுக் கையொப்பமிடுதல் வேண்டும். மது மயக்கம், பொய், களவு, பரீட்சையில் வஞ்சனை, விவாகத்துக்கு முற்பட்ட உறவு, பிறன்மனை நயத்தல் முதலியவற்றை விலக்குவோம் என்பது அதன் உள்ளுறை. வேதாகமத்துக்கு மாறானவை என்று சொல்லப்பட்ட அந்த வரிசையிலே ஒருபாலுறவும் இருந்தது. பொதுப் பாடசாலைகளிலே எல்லா வகைப் பிள்ளைகளும் படிக்கின்றனர். தம் பாலாரையே விரும்பும் இயல்புடைய பிள்ளைகளும் அவருள் உளர். இப்படியொரு பத்திரத்திற் கையொப்பமிட்டுப் பயின்றவர் அப்பிள்ளைகளை ஒப்ப நடத்துவரென நாம் எங்ஙனம் நம்புவது? இதுவே கழகத்தின் வினா.

பல்கலைக்கழகம் நீதிமன்றஞ் சென்றது. 1997 இல் மாகாணத்தின் முதனிலை நீதிமன்றம் அதன் பக்கம் தீர்த்தது. 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே கூறிற்று. பின் வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. ஒன்பது நீதியரசர் கேட்டனர். எண்மர் பல்கலைக்கழகத்துக்குச் சார்பாக நின்றனர், ஒருவர் மாறுபட்டார்.

நன்னூல் கேட்ட தகுதி

தீர்ப்பின் நியாயங்களுக்குள் நுழையுமுன், எம்மவர் ஆசிரியரை எப்படி நிறுத்தனர் என்பதைச் சிறிது நினைந்து பார்த்தல் தகும். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை காட்டினார். நிறைகோல் என்பது தராசு. இருபுறத்தும் ஒப்ப நின்று, ஐயந் தீரப் பொருளின் அளவைக் காட்டுவது. இதனை எந்நாட்டுக் கல்விப் பகுதியும் இன்றும் ஏற்கும்.

ஆனால் அதே சூத்திரத்தின் முகப்பிலே வேறிரண்டு தகுதிகள் நிற்கின்றன. ஒன்று குலம், மற்றொன்று தெய்வ வழிபாடு. மாணாக்கர்க்கு இச்சூத்திரத்தைச் சொல்லும்போது குலம் என்ற சொல்லை நற்குடிப் பிறப்பென்று மென்மையாக்கிக் கடந்து செல்வது எங்கள் வழக்கம். இன்று எந்த நாட்டு அரசாயினும் ஆசிரியத் தொழிலுக்கு விண்ணப்பிப்பவரிடம் குலங் கேட்குமாயின், அஃது அநீதியென்றே கூறுவோம். தெய்வங் கேட்டால்? 'நீ எத்தெய்வத்தை வழிபடுகின்றாய், அத்தெய்வத்தின் நூல் என்ன சொல்கின்றது' என்று ஓர் அதிகாரி எங்களைக் கேட்டால்? அதனையும் பொறுக்கமாட்டோம்.

பவணந்தியார் சைனர். அவர் நூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் சைவர். காண்டிகையுரை செய்து அச்சேற்றிய ஆறுமுக நாவலர் சைவத்துக்காகவே வாழ்ந்தவர். சைவரும் கிறித்தவரும் முஸ்லிம்களுமாகிய மாணாக்கர் அந்த நூலைக் கற்றிருக்கின்றனர். செய்தவரின் சமயம் நூலின் நிறையைக் குறைக்கவில்லை.

நன்னூலார் ஆசிரியராகாதாரைக் கூறுமிடத்தில் முடத்தெங்கினை உவமிப்பார். ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, வளைந்து சென்று அயலார் வளவிலே காயை உதிர்க்கும் தென்னை அது. நன்னூலார்க்கு அது குற்றம். இந்த வழக்கிலோ எல்லாச் சிக்கலும் அந்தத் தென்னையைப் பற்றியதே. நீர் வார்ப்பது ஒரு சமயத்தவரின் நிறுவனம். காய் விழுவதோ எல்லாச் சமயத்தாரும், சமயமே வேண்டாதாரும் தம் பிள்ளைகளை அனுப்பும் பொதுப் பாடசாலையின் வளவு. வளவுக்காரர் காயைப் பார்த்துத் தீர்மானிக்கலாமா, அன்றி வார்த்த நீரையும் பார்க்கவேண்டுமா?

எண்மர் கூறியது

பெரும்பான்மைத் தீர்ப்பினை எழுதியவர்கள் யாகோபூச்சி, பஸ்தராஷ் என்னும் இரு நீதியரசர். ஆசிரியர் கழகம் பாகுபாட்டைப் பற்றிச் சிந்திக்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பாடசாலை என்பது பிள்ளைகளின் மனத்தை உருவாக்கும் இடமாதலால், பொதுநலம் பேணுங் கழகம் சமத்துவத்தையும் எண்ணிப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டனர். அதன்பின் அவர்கள் இட்ட கோடு இது: ஒருவர் ஒன்றை நம்புதல் வேறு, அந்நம்பிக்கைப்படி பிறர்மீது நடத்தல் வேறு. நம்பும் உரிமை அகலமானது. நடக்கும் உரிமை அத்துணை அகலமானதன்று. ஆகவே சமய உரிமைக்கும் சமத்துவ உரிமைக்கும் இடையிலே எல்லை வகுக்கவேண்டிய இடம் நடத்தையே.

அவ்வாறாயின் சான்று எங்கே என்று கேட்டனர். அப்பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பயின்று ஐந்தாம் ஆண்டை வேறிடத்தில் முடித்த பலர் அதற்கு முன்னரே பொதுப் பாடசாலைகளிற் கற்பித்து வந்தனர். அவருள் எவரேனும் தம் பாலாரை விரும்பும் மாணவரை இழிவாக நடத்தியதாகக் கழகம் எதனையுங் காட்டவில்லை. கழகத்தின் அச்சம் ஊகமாகவே நின்றது. மேலும், ஐந்தாம் ஆண்டை வேறிடத்திற் கழித்தால் மாத்திரம் அச்சம் எவ்வாறு தீரும்? நம்பிக்கையே குற்றமாயின், பொதுப் பல்கலைக்கழகத்திற் படித்து அதே நம்பிக்கையோடு வெளிவரும் ஆசிரியரை என்ன செய்வது?

இதற்கு ஒப்பாக 1996 இல் அதே நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கு உண்டு. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மல்கம் றோஸ் என்னும் ஆசிரியர், பாடசாலைக்கு வெளியே, யூதரை இழித்து நூல்களும் பத்திரிகைக் கடிதங்களும் எழுதி வந்தார். வகுப்பறையில் அவர் அதனைப் பேசியதாகச் சான்றில்லை. ஆயினும் அவர் வெளியிட்டவை ஊரறிந்தவை. யூதப் பிள்ளைகளின் பாடசாலை வாழ்வினை அவை நஞ்சாக்கின என்று கண்டு, அவரைக் கற்பிக்கும் பதவியினின்று விலக்கியதை நீதிமன்றம் ஏற்றது. அங்கே நீதிமன்றத்தின்முன் நின்றது ஒருவரின் செயல். இங்கே நின்றது நாளை என்ன நேருமோ என்னும் ஐயம். ஆசிரியரொருவர் பொதுப் பாடசாலையிலே பாகுபாடு காட்டுவாராயின் அவரைத் தண்டிக்கும் அதிகாரம் கழகத்துக்கு இருக்கவே இருக்கின்றது என்று எண்மரும் முடித்தனர்.

இதனைப் படித்து முடித்த இரவு யான் நிம்மதியாக உறங்கினேன். என் கை எண்மரோடு உயர்ந்துவிட்டது. இன்று கிறித்தவரின் பத்திரத்தை வாங்கிப் பார்க்கும் அரசு, நாளை சைவரின் பத்திரத்தையும் வாங்கிப் பார்க்குமன்றோ?

ஒருவர் கூறியது

அடுத்த கிழமை மாறுபட்ட தீர்ப்பினைப் படித்தேன். எழுதியவர் கிளேர் லெரோ-டுபே என்னும் நீதியரசர், பெண்மணி. அவர் பார்வை தொடங்கிய இடமே வேறாக இருந்தது. வகுப்பறையின் இயல்பு நீதிமன்றத்தைக் காட்டினும் ஆசிரியர் கழகத்துக்கே நன்கு தெரியும். அக்கழகத்தின் தீர்மானம் முற்றிலும் ஒவ்வாததாக இருந்தாலன்றி நீதிமன்றம் தலையிடுதல் தகாது என்றார். கையொப்பமிடுதல் வெறும் நம்பிக்கையன்று, அதுவும் ஒரு செயலே என்றார். 'பாவத்தை வெறுக்கின்றோம், பாவியை நேசிக்கின்றோம்' என்னும் பாகுபாட்டை அவரால் எளிதில் ஏற்க முடியவில்லை. ஒருவரின் இயல்போடு பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ள ஒன்றைக் கண்டித்துக்கொண்டே அவரை மதிப்பதெங்ஙனம் என்பது அவர் கேள்வி.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பின்வாங்கிலிருக்கும் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தார். தன்னைத் தானே இன்னாரென்று அறிந்து, அதனை ஒருவர்க்குஞ் சொல்ல அஞ்சி, ஒவ்வொரு நாளும் ஏளனத்தின் நடுவே வந்து போகும் பிள்ளை அது. அந்தப் பிள்ளை தன் ஆசிரியரை நம்பக்கூடியதாக இருத்தல் வேண்டும். தீங்கு நிகழ்ந்து சான்று திரளும்வரை கழகம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

இந்த இடத்திலே யான் தாள்களை மூடி வைத்தேன். படலையடியில் என் மாணாக்கர் கூறிய சொல் நினைவுக்கு வந்தது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட கதை அது. அப்போது யான் வேறொரு பாடசாலையிற் கற்பித்தேன். பத்தாம் வகுப்பிலே ஒரு மாணாக்கன் இருந்தான். செய்யுளை இருமுறை கேட்டால் மூன்றாம் முறை பிழையின்றி ஒப்புவிப்பான். அவன் நடையும் குரலும் மற்றைப் பையன்களுடையவை போன்றிருக்கவில்லை. அவர்கள் அவனுக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்திருந்தனர். ஒரு நாள் அவன் எழுந்து நின்று செய்யுள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்வாங்கிலிருந்து ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது.

யான் சிரிக்கவில்லை. கண்டிக்கவுமில்லை. கரும்பலகையின் பக்கந் திரும்பி, வெண்கட்டியை எடுத்து, அடுத்த செய்யுளின் பதவுரையை எழுதத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவன் செய்யுளை முடியாமலே அமர்ந்திருந்தான். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. ஏன் வரவில்லையென்று யான் விசாரிக்கவுமில்லை.

படலையடியிலே என் மாணாக்கர் அவன் பெயரைச் சொல்லி, "அவனை நினைவிருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார். நினைவிருக்கிறது என்றேன். "அன்றைக்குக் கூப்பிட்டவன் நான்தான். இப்போது என் வகுப்பிலும் அவனைப் போல ஒரு பிள்ளை இருக்கிறது" என்றார். பிறகு மோட்டார் வண்டியில் ஏறிவிட்டார். அன்று வகுப்பிலே யான் என்ன செய்தேனென்று அவர் கேட்கவில்லை. அந்த மரியாதைதான் என்னை இன்றுவரை சுடுகின்றது.

சான்றில்லாத நடத்தை

இப்போது எண்மரின் நியாயத்தை என் வகுப்பறையிலே வைத்துப் பார்க்கின்றேன். அந்நாளில் யான் எந்தப் பத்திரத்திலுங் கையொப்பமிட்டவனல்லேன். என் தராதரப் பத்திரத்திலே மாசில்லை. என்மீது எவரும் முறைப்பாடு செய்யவில்லை. ஒரு கழகம் என் நடத்தைக்குச் சான்று தேடியிருந்தால், எதுவுமில்லையென்றே அறிக்கை எழுதியிருக்கும். ஆனால் ஒரு பிள்ளை படிப்பை விட்டுப் போயிற்று. திட்டினால் கேட்டவர் இருப்பர். அடித்தால் தழும்பு இருக்கும். கரும்பலகைப் பக்கந் திரும்பிக்கொண்டதற்கு எவர் சாட்சி சொல்வார்?

ஆதலால் லெரோ-டுபே அம்மையாரின் அச்சம் வீணானதென்று என்னால் இனிச் சொல்ல முடியாது. ஆசிரியனின் தீங்கு பெரும்பாலும் மௌனமாகவே வருவது. மௌனம் பதிவேட்டிலே விழுவதில்லை.

அப்படியானால் கையொப்பப் பத்திரத்தைக் கண்டு அனுமதி மறுத்தது சரியோ? அதுவும் எனக்கு உடன்பாடன்று. என்னை மௌனமாக்கியது சமய நூலன்று. வகுப்பின் சிரிப்புக்கு எதிரே தனித்து நிற்கும் துணிவின்மையே. பத்திரத்திற் கையொப்பமிட்ட கிறித்தவ ஆசிரியரொருவர் அன்று என் இடத்திலே நின்றிருந்தால், அயலானை நேசிக்கச் சொல்லும் தம் வேதத்தை நினைந்து அச்சிரிப்பை அடக்கியிருக்கவுங்கூடும். அல்லது என்னிலுங் கொடியவராக இருந்திருக்கவுங்கூடும். பத்திரத்தைப் பார்த்து இதனை அறிய வழியில்லை. வகுப்பிலே பார்த்தால்தான் அறியலாம்.

ஈண்டு நம் நாட்டு வரலாறு ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. குலங் கேட்டுச் சில பிள்ளைகளை வாங்கில் இருக்கவிடாது நிலத்தில் இருத்திய பாடசாலைகள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. அவற்றை நடத்தினோரும் அங்கே கற்பித்தோரும் தம்மைச் சமய ஒழுக்கத்தினரென்றே எண்ணியிருந்தனர். 1920களின் இறுதியிலே, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென அரசாங்கம் பணித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வரசு எவரிடமும் 'நீ குலத்தை நம்புகின்றாயா' என்று கேட்கவில்லை. பிள்ளை எங்கே இருக்கின்றது என்றுதான் கேட்டது. வாங்கிலே இருக்கவேண்டும் என்றது. நம்பிக்கை ஆறுதலாக மாறலாம். பிள்ளையின் இருக்கை அன்றே மாறுதல் வேண்டும்.

பின்னர் 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால், சமய அமைப்புகள் நடத்திய உதவி நன்கொடைப் பாடசாலைகளையும் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளையும் இலங்கை அரசு தானே ஏற்கும் வழி பிறந்தது. அது நன்றோ தீதோ என்னும் வாதம் எங்கள் பெரியோர் காலந்தொட்டு நடப்பது. அதனை யான் ஈண்டுத் தொடரேன். ஒன்று மாத்திரங் கூறுவேன்: நான் கரும்பலகைப் பக்கந் திரும்பிய அந்தப் பாடசாலை அரசாங்கப் பாடசாலை. நடத்துபவர் மாறுவதனால் மாத்திரம் பின்வாங்கிற் பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை.

பதினேழு ஆண்டுகளின் பின்

2001 ஆம் ஆண்டுத் தீர்ப்போடு கதை முடியவில்லை. அதே பல்கலைக்கழகம் சட்டக் கல்லூரியொன்றை அமைக்க விழைந்தது. மாணவர் ஏற்கவேண்டிய ஒழுக்க உடன்படிக்கை அப்போதும் இருந்தது. விவாகமென்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியது, அதற்குப் புறம்பான உறவு விலக்கத்தக்கது என்பது அதிலடங்கிய விதி. பிரித்தானிய கொலம்பியாவிலும் ஒன்ராறியோவிலும் உள்ள சட்டத்தரணிகள் சங்கங்கள் அக்கல்லூரியை ஏற்க மறுத்தன. 2018 ஆம் ஆண்டு யூன் மாதம் 15 ஆந் திகதி உயர் நீதிமன்றம் எழுவர்க்கு இருவராகச் சங்கங்களின் பக்கம் தீர்த்தது.

முந்திய தீர்ப்புக்கு இது முரணென்று சிலர் கருதலாம். கேட்ட கேள்வி வேறு என்பதை நோக்குதல் வேண்டும். முன்னையது, பயிற்சி முடித்து வெளியே வரும் ஆசிரியர் பிறரை எப்படி நடத்துவர் என்பது. பின்னையது, உள்ளே நுழைய விரும்பும் மாணவரை அந்த உடன்படிக்கை எப்படி நடத்துகின்றது என்பது. தம் இயல்பை மறைத்தோ மறுத்தோ கையொப்பமிட்டாலன்றி ஓரிடத்திற் கற்க முடியாதெனின், அந்தத் தொழிலுக்குச் செல்லும் வாயில் எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை என்றனர் பெரும்பான்மையோர். முதல் வழக்கின் எண்மரும் இந்த நோவைக் காணாதவரல்லர். தம் பாலாரை விரும்பும் ஒருவர் அப்பத்திரத்திற் கையொப்பமிடுவது தம் உள்ளத்துக்குப் பெருவிலை கொடுத்தே என்பதை அவர்களும் ஒப்பியிருந்தனர். பதினேழு ஆண்டுகளின் பின் அந்த விலை தராசின் தட்டிலே வைக்கப்பட்டது.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், உடன்படிக்கையை மாணவர் கட்டாயமாக ஏற்கவேண்டியதில்லை என்று பல்கலைக்கழகம் தானே தீர்மானித்தது. சட்டக் கல்லூரி திறக்கப்படவில்லை.

என் விடை

மாணாக்கருக்கு யான் எழுதிய கடிதத்தின் சாரத்தை இங்கே தருகின்றேன்.

1996 இலே அந்தச் சபையில் இருந்திருந்தால் அனுமதிக்கே கை உயர்த்தியிருப்பேன். ஆசிரியன் எதனை நம்புகின்றான் என்று கேட்கும் அதிகாரத்தை எந்த அரசுக்குங் கொடுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் உயர்த்திய கையை உடனே இறக்காமல் மூன்று நிபந்தனை கேட்டிருப்பேன். முதலாவது: பயிற்சி ஆசிரியர் தம் சமயத்தாரின் பாடசாலையிலே மாத்திரமன்றி, எல்லா வகைப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப் பாடசாலையிலே போதிய காலம் கற்பித்துக் காட்டுதல் வேண்டும், மேற்பார்வை செய்பவர் பாடக்குறிப்பைப் பார்ப்பதோடு நில்லாது, வகுப்பு ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர் என்ன செய்கின்றார் என்பதையும் பார்த்தல் வேண்டும். இரண்டாவது: நோவுற்ற பிள்ளை அஞ்சாது சென்று சொல்லக்கூடிய ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டும்; அன்றேல் சான்றில்லை என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. மூன்றாவது: இச்சோதனை சமயப் பல்கலைக்கழகத்துக்கு மாத்திரமாகாது, அரசின் கலாசாலைகளுக்கும் ஒப்ப நடைபெறுதல் வேண்டும். நிறைகோல் ஒரு பக்கம் மாத்திரம் நிறுப்பின் அது நிறைகோலன்று.

தராதரப் பத்திரம் என்பது ஆசிரியனுக்கு அரசு வழங்கும் பரிசென்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அது பிள்ளைக்கு அரசு கொடுக்கும் வாக்கு. 'இவரிடம் உன்னை ஒப்படைக்கின்றோம், நீ யாராயினும் இவர் உன்னைக் காப்பார்' என்பதே அதன் பொருள். அந்த வாக்கினை யான் ஒருமுறை காக்கத் தவறினேன்.

கடிதத்தின் இறுதியில் என் மாணாக்கரிடம் இரண்டு காரியங் கேட்டிருக்கின்றேன். தம் வகுப்பிலுள்ள பிள்ளையைப் பார்த்து மற்றவர் சிரிக்கும்போது கரும்பலகைப் பக்கந் திரும்பாதிருக்க வேண்டும் என்பது ஒன்று. இடைநடுவிற் படிப்பை விட்டுப்போன பழைய தோழன் இன்று எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கின்றான் என்று உடன்படித்தோரிடம் விசாரித்து எழுதவேண்டும் என்பது மற்றொன்று. அன்று அவன் முடியாமல் விட்ட செய்யுளின் எஞ்சிய அடிகளை அவன் வாயாற் கேட்க விரும்புகின்றேன்.